பெண் விஞ்ஞானி பத்தி எழுதப் போறீங்களா? கண்ணீர்க் கதைய ஓரமா வச்சுட்டு வேலையில இருந்து ஆரம்பிங்க

பெண் விஞ்ஞானிகள் பத்தி வர்ற கட்டுரைல முக்காவாசி ஒரே அச்சுல வார்த்த மாதிரி தான் இருக்கும். பொறந்த வருஷம், பொம்பளைக்கு எதுக்கு படிப்புன்னு கேட்ட காலம், பல தடைகளைத் தாண்டினாங்க, சாதிச்சாங்க, நோபல் குடுக்காம ஏமாத்திட்டாங்க, கடைசில ஒரு கும்பிடு எமோஜி. படிச்சு முடிச்ச ஆள நிறுத்தி "சரி, அந்தம்மா என்ன தான் கண்டுபிடிச்சாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு. ஒரு ஆம்பள விஞ்ஞானி பத்தி எழுதினா ஆப்பிளு, ஈர்ப்பு விசைன்னு நேரா விஷயத்துக்குப் போறோம், பெண்ணுன்னா மட்டும் கஷ்டத்த எழுதிட்டு வேலைய எழுத மறந்துடுறோம். ஸ்கூல் பேச்சுப் போட்டியோ, வீடியோ ஸ்கிரிப்டோ, விக்கிபீடியா பக்கமோ, எதுக்கு எழுதினாலும் இத எப்படி உருப்படியா பண்றதுன்னு எனக்குத் தெரிஞ்ச வழிய சொல்றேன்.

முதல்ல ஆளத் தேர்ந்தெடுக்கறது. மேரி கியூரி வேண்டாம்னு சொல்லல, ஆனா அவங்க முழு வாழ்க்கையையும் 2 பக்கத்துல அடைக்கப் பாக்காதீங்க, ஒரு துண்டு மட்டும் எடுங்க. உதாரணத்துக்கு 1914ல போர் வந்தப்போ எக்ஸ்ரே மிஷின வேன்ல ஏத்தி போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போனது, கூட மக ஐரீனையும் கூட்டிட்டுப் போனது, சுமார் 20 வண்டியும் 200 நிலையான எக்ஸ்ரே ரூமும் ஏற்பாடு பண்ணது, இது ஒண்ணே ஒரு முழு கட்டுரைக்குத் தாங்கும். மத்தபடி ஆளத் தேர்ந்தெடுக்க நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு: அவங்க செஞ்ச வேலைய எனக்குப் புரிய வச்சுக்க முடியுமா? எம்மி நோதர் ரொம்பப் பெரிய ஆளு தான், ஆனா அவங்க கணிதத்த விளக்கத் தெரியாம எழுதினா மறுபடியும் கண்ணீர்க் கதை தான் வரும்.

ஆள முடிவு பண்ணிட்டீங்கன்னா எழுத உக்காரதுக்கு முன்னாடி ஒரு தாள்ல ரெண்டே வரி எழுதுங்க. இவங்களுக்கு முன்னாடி எது தெரியாது, இவங்களுக்கு அப்புறம் எது தெரிஞ்சுது. இந்த ரெண்டு வரிய எழுத முடியலன்னா நீங்க இன்னும் படிக்கணும்னு அர்த்தம்.

நெட்டி ஸ்டீவன்ஸ எடுத்துக்கோங்க. பொறக்கப் போறது ஆணா பெண்ணான்னு எது முடிவு பண்ணுதுன்னு 1900 வாக்குல யாருக்கும் உறுதியா தெரியாது, அம்மா சாப்பிடுற சாப்பாடு, சுத்தி இருக்குற சூடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க. இவங்க ஸ்கூல் டீச்சரா இருந்து காசு சேத்து 35 வயசுல ஸ்டான்ஃபோர்டுல போய் சேந்தவங்க. மாவுப்புழுவோட செல்ல மைக்ரோஸ்கோப்புல வச்சு குரோமோசோம, அதாவது செல்லுக்குள்ள மரபுத் தகவல சுமக்குற இழைகள எண்ணுறாங்க. பெண் புழு செல்லுல 20ம் பெருசு. ஆண் புழுவுல 19 பெருசு, ஒண்ணு மட்டும் குட்டி. அப்போ விந்தணுவுல பாதி பேருக்கு 10ம் பெருசா இருக்கும், மீதி பாதிக்கு 9 பெருசு ஒரு குட்டி, அந்தக் குட்டி இருக்குற விந்தணு போய் சேந்தா ஆண் புழு. இப்போ நாம ஒய் குரோமோசோம்னு சொல்றது அந்தக் குட்டி தான். 1905ல இத வெளியிட்டாங்க. அதே வருஷம் எட்மண்ட் வில்சன்னு இன்னொரு ஆராய்ச்சியாளரும் தனியா இதுக்குப் பக்கத்துல வந்துட்டாரு, அத மறைக்காம எழுதணும், ஆனா ஸ்டீவன்ஸோட முடிவு தான் தெளிவா இருந்துச்சுன்னு வரலாற்று ஆளுங்க நிறைய பேர் சொல்றாங்க. பாருங்க, 19, 20ன்னு ரெண்டே எண்ண வச்சு முழுக் கதையும் சொல்ல முடியுது, இதுக்கு "தடைகளைத் தாண்டி" தேவையே இல்ல.

வர்ஜினியா ஆப்கரும் அப்படித் தான். மயக்க மருந்து டாக்டர். அவங்களுக்கு முன்னாடி பொறந்த குழந்த நல்லா இருக்கான்னு பாக்க எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, அவங்க 1953ல ஒரு ஆராய்ச்சி பேப்பர் போட்டாங்க: இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தொட்டா எப்படி எதிர்வினை காட்டுது, தோல் நிறம், இந்த 5க்கும் 0ல இருந்து 2 வரைக்கும் மார்க் போடு, மொத்தம் 10. அவ்ளோ தான். இன்னைக்கும் பிரசவ அறைல இதத் தான் போடுறாங்க. இதப் படிக்கிறவங்க தன் குழந்தையோட டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாப்பாங்க, அது உங்க கட்டுரைக்குக் கிடைச்ச வெற்றி.

அடுத்தது தான் முக்கியமானது, எல்லாரும் தாண்டிப் போறது. ஒரிஜினல் பேப்பரத் தேடிப் பிடிங்க. முழுசும் புரியணும்னு இல்ல, தலைப்பு, முதல் பாரா, ஒரு டேபிள், கடைசில நன்றி சொல்ற இடம், இது நாலும் போதும். பழைய பேப்பர்ஸ் நிறைய இன்டர்நெட் ஆர்கைவ்ல சும்மாவே கிடைக்குது, வானியல்னா நாசா ஏடிஎஸ்ல ஸ்கேன் பண்ணியே வச்சிருக்காங்க, கண்டுபிடிப்பு உரிமைன்னா கூகுள் பேட்டன்ட்ஸ்.

ஏன் ஒரிஜினலப் பாக்கச் சொல்றேன்னா, ஹென்ரியட்டா லெவிட் விஷயத்தப் பாருங்க. வானத்துல எது எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அளக்கறதுக்கு வழி குடுத்த கண்டுபிடிப்பு. சின்ன மெகலானிக் மேகம்னு பேரு வச்ச பக்கத்து நட்சத்திரக் கூட்டத்துல இருக்குற 25 நட்சத்திரங்களோட வெளிச்சம் ஏறி இறங்குற கால அளவப் பாத்து, எதுக்கு காலம் நீளமோ அது வெளிச்சம் ஜாஸ்தின்னு சொன்னாங்க. எல்லாமே ஒரே மேகத்துல இருக்குறதால நமக்கு கிட்டத்தட்ட ஒரே தூரம், அதனால தெரியிற வெளிச்ச வித்தியாசம் நிஜ வித்தியாசம் தான்னு ஆகுது, அது தான் அதுல இருக்குற புத்திசாலித்தனம். வானியலாளர் ஹப்பிள் பின்னாடி ஆண்ட்ரோமெடான்ற நட்சத்திரக் கூட்டம் நம்ம பால்வீதிக்கு வெளிய இருக்குன்னு காட்டினது இத வச்சு தான். ஆனா 1912ல வந்த அந்த ஹார்வர்டு சுற்றறிக்கைய தொறந்தீங்கன்னா அடில கையெழுத்து எட்வர்ட் பிக்கரிங், அதாவது அவங்க டைரக்டர். அப்போ அவர் திருடிட்டாருன்னு ஓடிப் போய் எழுதிடாதீங்க, முதல் வரியப் படிங்க, இந்த அறிக்கைய தயாரிச்சது மிஸ் லெவிட்னு அங்கேயே போட்டிருக்கு. கையெழுத்து ஒருத்தர், வேல ஒருத்தர், ரெண்டுமே பதிவுல இருக்கு. அந்தக் காலத்து ஆய்வுக்கூடம் எப்படி நடந்துச்சுன்னு அந்த ஒரு பக்கமே காட்டிடும், நீங்க தனியா கோவப்பட வேண்டியதில்ல.

சிசிலியா பெயின் இன்னும் சுவாரசியம். நட்சத்திரத்துல ஹைட்ரஜன் தான் மத்த எதையும் விட ரொம்ப ரொம்ப ஜாஸ்தின்னு 1925ல தீசிஸ்ல கணக்கு போட்டு காட்டிட்டாங்க, ஆனா அதே தீசிஸ்ல இந்த அளவு கிட்டத்தட்ட நிச்சயமா நிஜம் இல்லன்னும் எழுதியிருக்காங்க. என்னடா இதுன்னு பாத்தா ஹென்ரி நாரிஸ் ரஸ்ஸல்னு அந்தத் துறைல பெரிய தலை, இது சாத்தியமே இல்லன்னு சொல்லியிருக்காரு. 1929ல அதே ரஸ்ஸல் வேற வழில அதே முடிவுக்கு வந்து பெயின் பேரச் சொல்லித் தான் வெளியிட்டாரு. சுருக்கக் கட்டுரைகள மட்டும் படிச்சா இதுல பாதி தான் கிடைக்கும், பெரும்பாலும் வில்லன் பாதி.

சரி, இப்போ கண்ணிவெடிகள். முதல் கண்ணிவெடி "முதல்" தான். "உலகின் முதல் பெண் மருத்துவர்"னு எழுதினீங்கன்னா கிட்டத்தட்ட கண்டிப்பா தப்பு. எலிசபெத் பிளாக்வெல் 1849ல மெடிக்கல் டிகிரி வாங்கினாங்க, ஆனா அது அமெரிக்காவுல முதல். ஜெர்மனில டோரதியா எர்க்ஸ்லேபன் 1754லயே ஹாலே யூனிவர்சிட்டில வாங்கிட்டாங்க. டிகிரியே இல்லாத காலத்துல வைத்தியம் பாத்த பெண்கள் கணக்கே இல்ல. நம்ம முத்துலட்சுமி ரெட்டியையும் இந்தியாவோட முதல் பெண் டாக்டர்னு போடுறாங்க, அவங்க மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல முடிச்சது 1912. ஆனந்திபாய் ஜோஷி பென்சில்வேனியாவுல முடிச்சது 1886, காதம்பினி கங்குலி கல்கத்தாவுல முடிச்சதும் அதே 1886. மெட்ராஸ் காலேஜ்லயே 1875லயே மேரி ஷார்லீப் உட்பட பெண்கள சேத்திருக்காங்க. இதனால முத்துலட்சுமி ரெட்டி பெருமை ஒரு துளி குறையுதா? அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954ல வந்தது அவங்க முயற்சில, அத எழுதுங்க, அதுக்கு பொய் பட்டம் எதுக்கு. முதல்னு போட்டே ஆகணும்னா எதுல முதல், எந்த ஊர்ல, எந்த வருஷம்னு மூணையும் சேத்துப் போடுங்க, மூணும் தெரியலன்னா அந்த வார்த்தைய எடுத்துடுங்க.

இதுல உச்சம் மெரித் ப்தா. 4,700 வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல இருந்த உலகின் முதல் பெண் மருத்துவர்னு நெட் முழுக்க இருக்கும், வெள்ளி கிரகத்துல ஒரு பள்ளத்துக்கு அவங்க பேரே வச்சிருக்காங்க. சில வருஷம் முன்னாடி ஒரு ஆராய்ச்சியாளர் இதோட வேரத் தோண்டிப் பாத்தா, 1938ல வந்த ஒரு மருத்துவ வரலாற்றுப் புத்தகத்துல நடந்த ஆள் மாறாட்டம். மெரித் ப்தான்னு எகிப்துல பெண்கள் இருந்திருக்காங்க, ஆனா டாக்டரா ஒருத்தரும் பதிவுல இல்ல. நிஜமா கல்வெட்டு ஆதாரம் இருக்குறது பெசெஷெத்னு இன்னொருத்தர், கிசா கல்லறைல பெண் மருத்துவர்களுக்கு மேற்பார்வையாளர்னு பட்டத்தோட இருக்காங்க. அந்தப் புத்தகம் எழுதினவரும் பெண் டாக்டர் தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதி எழுதி 80 வருஷம் ஓடிடுச்சு. அதனால ஒரு தகவல் 50 சைட்ல இருக்குன்னா அது 50 ஆதாரம்னு நெனைக்காதீங்க, எல்லாமே ஒரே இடத்துல இருந்து வந்திருக்கும். ஒவ்வொண்ணும் எத காட்டுதுன்னு பின்னாடியே போங்க, ஒரு கல்வெட்டுலயோ கடிதத்துலயோ பேப்பர்லயோ போய் நின்னா சரி, அந்தரத்துல முடிஞ்சா விட்டுடுங்க.

ரெண்டாவது கண்ணிவெடி "திருடிட்டாங்க". நடந்திருக்கு, நிறைய நடந்திருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதம், எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு கிண்டாதீங்க.

ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கதை தான் அதிகமா தப்பா சொல்லப்படுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். போட்டோ 51, டிஎன்ஏவோட அந்த புகழ்பெற்ற எக்ஸ்ரே படம், 1952 மே மாசம் எடுத்தது. கேமரா பக்கம் இருந்தது அவங்க மாணவர் ரேமண்ட் காஸ்லிங், வேலைய வழிநடத்தினது ஃபிராங்க்ளின். 1953 ஜனவரில அதே லேப்ல இருந்த மாரிஸ் வில்கின்ஸ் அத ஜேம்ஸ் வாட்சன்கிட்ட காட்டினாரு, ஃபிராங்க்ளினுக்குத் தெரியாம. வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் டிஎன்ஏவோட அமைப்பத் தேடிட்டு இருந்தவங்க. ஆனா அந்தப் படத்த விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, அத யாரும் எழுத மாட்டாங்க. கிங்ஸ் காலேஜ் லேப் மேலிடத்துக்குக் குடுத்த ஒரு ரிப்போர்ட்ல அவங்க எடுத்த அளவுகள் எல்லாம் இருந்துச்சு, அது மேக்ஸ் பெருட்ஸ் மூலமா ஃபிரான்சிஸ் கிரிக் கைக்குப் போச்சு, ரகசியம்னு முத்திரை எதுவும் அதுல இல்ல, ஆனா அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. டிஎன்ஏவோட ரெண்டு இழையும் எதிர் எதிர் திசைல ஓடுதுன்னு கிரிக் புரிஞ்சுகிட்டது அதுல இருந்த படிக சமச்சீர் தகவல வச்சு. 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழ்ல மூணு பேப்பர் ஒண்ணா வந்துச்சு, மூணாவது ஃபிராங்க்ளின், காஸ்லிங் பேர்ல. அதாவது அவங்க பேரே வராம மறைச்சுட்டாங்கன்னு எழுதினா தப்பு, அவங்க டேட்டா தான் அடித்தளம்னு வெளிப்படையா சொல்லாம விட்டாங்கன்னு எழுதினா சரி. வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூணு பேருக்கும் நோபல் 1962ல. அவங்க 1958லயே 37 வயசுல சினைப்பைப் புற்றுநோய்ல இறந்துட்டாங்க, இறந்தவங்களுக்கு நோபல் குடுக்கறதில்ல. உயிரோட இருந்திருந்தா குடுத்திருப்பாங்களான்னு யாராலயும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லாதீங்க.

அப்புறம் ஒண்ணு, ஃபிராங்க்ளின்னா டிஎன்ஏ மட்டும் இல்ல. நிலக்கரியோட நுண்துளைகள் பத்தி தான் அவங்க பிஎச்டி, சூடு பண்ணா எந்த கார்பன் கிராஃபைட்டா மாறும் எது மாறாதுன்னு 1951ல பிரிச்சு காட்டினாங்க. கிங்ஸ்ல இருந்து கிளம்பி பர்க்பெக் காலேஜ் போய் புகையிலை மொசைக் வைரஸோட அமைப்ப தொறந்து வச்சாங்க, அந்தக் குழுவுல இருந்த ஆரன் குளுக் தான் பின்னாடி 1982ல நோபல் வாங்கினாரு. என்னக் கேட்டா இத விட்டுட்டு போட்டோ 51 மட்டும் எழுதுறது தான் அவங்களுக்கு நாம பண்ற அநியாயம்.

ஜோசலின் பெல் வேற மாதிரி. 1967ல ரேடியோ டெலஸ்கோப் கக்குன சார்ட் பேப்பர்ல, 120 மீட்டர் நீளத்துல ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு கிறுக்கல விடாம துரத்தினது அவங்க. வேகமா ஓட விட்டு பதிவு பண்ணிப் பாத்தா 1.33 செகண்டுக்கு ஒரு துடிப்பு, அது தான் முதல் பல்சர், அதாவது சுத்திகிட்டே ரேடியோ துடிப்பு அனுப்புற நட்சத்திரம். பேப்பர்ல அவங்க பேர் ரெண்டாவதா இருக்கு, 1974 நோபல் கைடு ஆண்டனி ஹ்யூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போச்சு. ஆனா அவங்களே பின்னாடி மாணவர்களுக்கு நோபல் குடுக்கறது பொதுவா சரியில்லன்னு வெளிப்படையா பேசியிருக்காங்க. நீங்க அதுக்கு உடன்படலாம், படாமலும் இருக்கலாம், நான் உடன்படல, ஆனா அவங்க சொன்னத கட்டுரைல போடாம விட உரிமை இல்ல. 2018ல 30 லட்சம் டாலர் பிரேக்த்ரூ பரிசு வந்தப்போ மொத்தத்தையும் மாணவர் உதவித்தொகைக்குக் குடுத்துட்டாங்க.

லீஸ் மைட்னர்ல அரசியல் தான் மையம். யூத வம்சம், 1938 ஜூலைல பெர்லின விட்டு தப்பிச்சு ஸ்வீடன் போயிட்டாங்க. டிசம்பர்ல, பெர்லின்ல அவங்க கூட வேல பாத்த ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்துல இருந்து பேரியம் வருதேன்னு குழம்பி நிக்க, மைட்னரும் அக்கா பையன் ஓட்டோ ஃபிரிஷும் பனில நடந்துகிட்டே அணுக்கரு ரெண்டா பிளக்குதுன்னு கணக்குப் போட்டு காட்டினாங்க, ஒரு பிளவுக்கு வெளிய வர்ற சக்தி சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பேரியத்த கண்டுபிடிச்சது ஹான் பக்கம், அது என்னன்னு விளக்கினது இவங்க பக்கம், 1944க்கான நோபல் ஹானுக்கு மட்டும். இப்படி எழுதினாலே படிக்கிறவனுக்கு கோவம் வரும், நீங்க தூண்டி விட வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. ஐன்ஸ்டைன் மனைவி மிலேவா மாரிச் தான் சார்பியல் கொள்கைய எழுதினாங்கன்னு ஓடுற கதைக்கு இதுவரைக்கும் போதுமான ஆதாரம் இல்ல, ஐன்ஸ்டைன் கடிதங்கள்ல "நம்ம வேலை"ன்னு சில இடத்துல வர்றத வச்சு ஊதினது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் வைஃபை கண்டுபிடிச்சாங்கன்றதும் அதே ரகம். அவங்களும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் வாங்கின பேட்டன்ட் நிஜம், 1942, டார்பிடோவுக்குப் போற ரேடியோ சிக்னல் 88 அலைவரிசைக்கு நடுவுல தாவித் தாவிப் போற ஏற்பாடு, அதுவே அட்டகாசமான விஷயம். ஆனா தாவுற யோசனை அதுக்கு முன்னாடியும் சிலருக்கு வந்திருக்கு, அங்க இருந்து வைஃபை வரைக்கும் நேர்கோடு போட முடியாது.

லமார் பேர்ல தேடினா அந்த பேட்டன்ட் கிடைக்காது, தெரியுமா? அதுல இருக்குறது ஹெடி கீஸ்லர் மார்க்கி, விண்ணப்பிச்சப்போ இருந்த கணவர் பேரு. பெண்கள் விஷயத்துல தேடுறதுல பெரிய தலைவலி இது தான், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேரு, பின்னாடி ஒரு பேரு, பேப்பர்ல வெறும் இனிஷியல். தேட ஆரம்பிக்கும் போதே எல்லா பேரையும் ஒரு லிஸ்ட் போட்டுக்கோங்க. சீனப் பேர்ல குடும்பப் பேர் முன்னாடி வரும், மலேரியா மருந்து கண்டுபிடிச்ச தூ யூயூவுல குடும்பப் பேரு தூ. நம்ம தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள வெளிநாட்டு அட்டவணைகள்ல சில சமயம் அம்மாள்னு தேடினா தான் கிடைப்பாங்க, அம்மாள குடும்பப் பேருன்னு நெனச்சுட்டாங்க பாவம்.

போட்டோ பத்தி ஒரே வரி: எங்க இருந்து வந்ததுன்னு தெரியாத போட்டோவையும் ஏஐ வரைஞ்ச முகத்தையும் போடாதீங்க, படம் இல்லன்னா அவங்க பேப்பர்ல இருக்குற டேபிளையோ கையெழுத்துப் பக்கத்தையோ போடுங்க, அது இன்னும் நல்லா இருக்கும்.

சொந்த வாழ்க்கைய எவ்ளோ எழுதலாம்? 2013ல இவோன் பிரில்னு ராக்கெட் விஞ்ஞானி இறந்தப்போ ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகை அஞ்சலிக் கட்டுரைய அவங்க நல்லா பீஃப் ஸ்ட்ரோகனாஃப் சமைப்பாங்கன்னு ஆரம்பிச்சுது. செயற்கைக்கோள் பாதை விலகாம பாத்துக்குற சின்ன ராக்கெட் என்ஜின கண்டுபிடிச்சவங்க அவங்க. ஊரே திட்டினதுக்கு அப்புறம் முதல் வரிய மாத்தினாங்க. சமையல், சேல, குழந்தைய யாரு பாத்துகிட்டாங்க, இதெல்லாம் ஒரு ஆம்பள பத்தி எழுதும் போது போடுவீங்களான்னு கேட்டுப் பாருங்க, மாட்டீங்கன்னா இங்கயும் வேண்டாம். ஆனா குடும்பமே வேலையோட போக்க மாத்தியிருந்தா கண்டிப்பா எழுதணும். சோஃபியா கோவலெவ்ஸ்காயா வெளிநாடு போய் கணிதம் படிக்கறதுக்காகவே 1868ல பேருக்கு ஒரு கல்யாணம் பண்ணிகிட்டாங்க, ஏன்னா ரஷ்யாவுல பெண்ண யூனிவர்சிட்டில சேக்க மாட்டாங்க, அப்பாவோ கணவரோ சம்மதிக்காம வெளிய போகவும் முடியாது. மரியா கெப்பர்ட் மேயர் கணவர் வேல பாக்குற யூனிவர்சிட்டில மனைவிக்கு வேல தரக் கூடாதுன்ற விதியால வருஷக்கணக்கா சம்பளமே இல்லாம ஆராய்ச்சி பண்ணி, 1963ல நோபல் வாங்கினாங்க. "சமூகம் தடுத்தது"ன்னு மொட்டையா எழுதாம எந்த விதி, யாரு போட்டது, அதனால என்ன ஆச்சுன்னு எழுதினா தடைக்கும் ஒரு உருவம் வந்துடும்.

கடைசியா, யாருக்குமே தெரியாத ஆளு வேணும்னு ஆசையா இருந்தா புகழ்பெற்ற பேப்பர்களோட நன்றி பகுதிக்கும் அடிக்குறிப்புக்கும் போங்க. ஃபெர்மி, பாஸ்தா, உலாம்னு மூணு விஞ்ஞானிகள் பேர்ல 1955ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, கம்ப்யூட்டர வச்சு பௌதிகம் பண்ணதுல மைல்கல்லு. அதுல அடிக்குறிப்புல மேரி சிங்கூவுக்கு ஒரு நன்றி, ப்ரோகிராம் எழுதி மேனியாக்ன்ற கம்ப்யூட்டர்ல ஓட்டினதுக்கு. அம்பது வருஷம் கழிச்சு 2008ல ஒருத்தர் இத எடுத்து எழுதின பிறகு தான் இப்போ நிறைய பேர் மூணு பேர் பேரால சொல்லிட்டு இருந்த அந்தக் கணக்குக்கு நாலாவது பேரா சிங்கூவையும் சேத்து சொல்றாங்க. ஆரம்பத்துல சின்ன வித்தியாசம் பின்னாடி பெரிய மாத்தமா ஆகுறத சொல்ற கேயாஸ் தியரிக்கு அஸ்திவாரம் போட்ட எட்வர்ட் லோரன்ஸோட 1963 பேப்பர்லயும் கடைசில எலன் ஃபெட்டருக்கு நன்றி இருக்கும், அந்தக் கணக்குகளையும் படங்களையும் பண்ணது அவங்க. அவங்களுக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தது மார்கரெட் ஹாமில்டன், பின்னாடி அப்பல்லோ சாஃப்ட்வேர் டீமுக்கு தலைமை தாங்கினவங்க. பழைய பேப்பர் பிடிஎஃப்ப தொறந்து மிஸ், மிஸஸ்னு ரெண்டு வார்த்தைய மட்டும் சர்ச் போடுங்க, ஆம்பளைங்களுக்கு அந்தக் காலத்துல பெரும்பாலும் வெறும் இனிஷியலோ டாக்டரோ தான் போடுவாங்க, பெண்களுக்கு மட்டும் இத ஒட்டியிருப்பாங்க, அதனால சட்டுன்னு மாட்டும். ஸ்கேன் பண்ண சில பிடிஎஃப்ல சர்ச் வேல செய்யாது, அப்போ நேரா கடைசிப் பக்கத்துக்குப் போய் கண்ணால பாத்துக்கோங்க.